முகமும் பட்டையும்

கணிதப் பொருள் ஒன்றைப் பற்றித் தமிழாசிரியர் எழுதப் புகுவது தகுமோ என வினவுவார்க்கு முதற்கண் விடை கூறிவிடுதல் நன்று. நாம் கணிதம் கற்பிப்பவரல்லேம். எனினும் கணிதத்தைத் தமிழிற் கற்கும் மாணவர், கணக்கு விளங்காதபோது கணித ஆசிரியரிடம் செல்கின்றனர். சொல் விளங்காதபோது எம்மிடம் வருகின்றனர். அவ்வாறு வந்த உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் தம் குறிப்பேட்டை நீட்டினார். 'பேஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே 'முகம்' என்று எழுதியிருந்தது. இரண்டு வரி தள்ளிப் 'பசெற்' என்னும் சொல்லுக்கு நேரேயும் 'முகம்' என்றே எழுதியிருந்தது. இரண்டும் ஒன்றாயின் ஆங்கிலத்தார் இரண்டு சொல் வைத்திருப்பது ஏன் என்பது அவர் வினா. நல்ல வினா. இரண்டும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவது மாணவர்க்குத் தீங்கு, இரண்டாவதற்குரிய சொல் தமிழில் முன்னரே உண்டு. அச்சொல் 'பட்டை' என்பது எமது கருத்து.

வைரவிழா மலரில் வைரத்திலிருந்து தொடங்குவது பொருத்தமேயாகும். மண்ணிலிருந்து எடுத்த கல்லைச் சாணையிற் பிடித்து, ஒளி உட்புகுந்து மீளும் வண்ணம் தட்டையான சிறு பரப்புகளை அதன்மேல் உண்டாக்குவதைப் பட்டை தீட்டுதல் என்கிறோம். முறைப்படி வெட்டிய வட்ட வைரத்தில் 57 பட்டைகள் இருக்கும். அடிக்கூரையும் தட்டையாக்கின் 58. பிரெஞ்சு மொழியாளர் அப்பரப்பு ஒவ்வொன்றையும், முகத்தைக் குறிக்கும் தம் சொல்லுக்குக் குறுமை விகுதி சேர்த்து, 'சிறுமுகம்' என்னும் பொருள்பட வழங்கினர். ஆங்கிலத்தார் அதனைக் கடன்பெற்றனர். தமிழர்க்கோ கடன் வேண்டியதில்லை. மணிக்கு மட்டுமன்றிக் கல்லுக்கும் அவர்கள் பட்டை என்ற சொல்லை ஆண்டனர். கோயிற் கட்டடக்கலை பற்றி எழுதுவோர் எண்பட்டைத் தூண் என்பதும், பல்லவர் காலத்துக் கோயில்களில் உள்ள பதினாறு பட்டை இலிங்கத்தைப் பற்றிக் கூறுவதும் பலரும் அறிந்தவை. கல்லை உளியாற் செதுக்கிய சிற்பிக்கு இச்சொல்லின் பொருளில் ஐயம் இருந்திராது.

இனிக் கேத்திரகணிதத்துக்கு வருவோம். வீட்டிலுள்ள பெட்டி ஒன்றை எடுத்து, தட்டையான பலகை ஒன்றை வெளிப்புறத்திலிருந்து கொணர்ந்து, அதனுள் ஊடுருவாமல் தொடச் செய்க. பலகையைச் சரித்துப் பிடித்தால் அது பெட்டியின் ஒரு மூலையை மட்டும் தொடலாம். சற்றுத் திருப்பினால் ஒரு விளிம்பு முழுவதையும் தொடலாம். இன்னும் திருப்பினால் ஒரு பக்கம் முழுவதும் பலகையோடு பொருந்திவிடும். இம்மூன்று வகையில் தொடப்படும் பகுதி எதுவாயினும் அதனை 'முகம்' என்பதே இக்காலக் கணிதர் வழக்கு. மூலையும் முகம், விளிம்பும் முகம், தட்டையான பக்கமும் முகம். முதலாவது பரிமாணம் அற்றது. இரண்டாவது ஒரு பரிமாணமுடையது. மூன்றாவது இரு பரிமாணமுடையது. பெட்டியோ முப்பரிமாணமுடையது. இம்முகங்களுள் உடலினும் ஒரே ஒரு பரிமாணம் மட்டும் குறைந்ததையே ஆங்கிலத்திற் 'பசெற்' என்கின்றனர். நாம் பட்டை என்கிறோம். பலகை அசைய இடமின்றிப் பொருந்தி நிற்பது பட்டையின் மீது மட்டுமே. மூலையிலும் விளிம்பிலும் பொருந்திய பலகையை இன்னும் சிறிது சாய்க்கலாம். பட்டையிற் பொருந்தியதைச் சாய்த்தற்கு வழியில்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 'சிறுமுகம்' எனப் பெயர் பெற்றது, உடலொழிந்த முகங்கள் யாவற்றினும் பரிமாணத்தாற் பெரியதாயிற்று. எனவே, அப்பெயரை மொழிபெயர்த்துச் 'சிறுமுகம்' என வழங்கலாம் என்பார் கருத்து எமக்கு உடன்பாடன்று. மூலமொழியில் நேர்ந்த தற்செயலை நம் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவானேன்? கிரேக்கர் பலமுகத் திண்மங்களுக்கு இட்ட பெயரில் உள்ள 'எத்திரா' என்னும் உறுப்புக்கு இருக்கை என்பது பொருள். திண்மம் எதன்மீது அமர்கின்றதோ அது. இப்பெயர் பட்டையின் இயல்புக்கு எவ்வளவு நெருங்கி நிற்கின்றது என்பதைப் பெட்டியை மேசைமீது வைத்தவர் எவரும் உணர்வர்.

பட்டை என்பது தனித்து நிற்கும் ஒரு பொருளின் பெயரன்று, உறவுப் பெயர் என்பதை மாணவர்க்கு எவ்வளவு அழுத்திக் கூறினும் தகும். ஒருவன் தந்தைக்கு மகன், பாட்டனுக்குப் பேரன். ஆள் ஒருவனே, முறை வேறு. அவ்வாறே ஒரு சதுரம் சதுரமுகிக்குப் பட்டை. ஆனால் நாற்பரிமாணத்துச் சதுரமுகிக்கு அது பட்டையன்று, வெறும் முகமே. நேர்கோட்டுத் துண்டம் முக்கோணிக்குப் பட்டை; நான்முகிக்கு முகம். புள்ளியுங்கூடக் கோட்டுத் துண்டத்துக்குப் பட்டையாகும். 'எதற்குப் பட்டை?' என்று கேளாமற் பட்டையைப் பற்றிப் பேசுவது, 'யாருக்கு மருமகன்?' என்று கேளாமல் மருமகனைப் பற்றிப் பேசுவது போலாம்.

பெயரிட்டால் என்ன, இடாவிட்டால் என்ன, பொருள் ஒன்றுதானே என்பாரும் உளர். அவர்க்குக் கணித வரலாற்றிலிருந்து ஒரு செய்தி கூறுவோம். இயூக்கிளிட்டு ஐந்து ஒழுங்கான திண்மங்களையும் தம் நூலின் இறுதிப் பகுதியில் ஆராய்ந்தார். அவர்க்குப் பின் இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞர் பலர் அவற்றை ஆராய்ந்தனர். எனினும், நம் கனிட்ட வகுப்புப் பிள்ளைகள் இன்று எளிதாகக் கூறும் தொடர்பு, அதாவது உச்சிகளின் தொகையோடு முகங்களின் தொகையைக் கூட்டினால் விளிம்புகளின் தொகையினும் இரண்டு மிகும் என்பது, 1750ஆம் ஆண்டில் ஒயிலர் தம் நண்பர் கோல்டுபாக்குக்கு எழுதிய கடிதத்திலேதான் தெளிவாக வெளிப்பட்டது. அக்கடிதத்தில் ஒயிலர் செய்த ஒரு காரியம் எம் போன்ற மொழியாசிரியரைக் கவர்வது. திண்மத்தின் விளிம்புக்குத் தனியே ஒரு பெயரை அவர் இட்டார். அதற்கு முன்னிருந்தோர் விளிம்பை ஒரு தட்டையுருவின் பக்கமாகவே கண்டனர். திண்மத்தின் உறுப்பாகக் கண்டு எண்ணினாரல்லர். ஆயுதத்தின் கூரிய வாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை எடுத்து விளிம்புக்குச் சூட்டிய பின்னரே, எண்ண வேண்டியவை மூன்று என்பது கண்ணுக்குப் புலனாயிற்று. பெயரில்லாததை எவரும் எண்ணார்.

அடுத்த நூற்றாண்டில் சுவிற்சலாந்தைச் சேர்ந்த உலூட்விக் சிலேவ்லி என்பவர் நான்கும் அதற்கு மேற்பட்டனவுமாகிய பரிமாணங்களிற் திண்மங்களை ஆராய்ந்தார். அவர் துண் என்னும் ஊரில் ஆண்டுகள் பல பள்ளி ஆசிரியராயிருந்தவர். வடமொழி கற்று இருக்குவேதத்தை ஆராய்ந்தவர் என்பது நம் கல்லூரி மலரைப் படிப்போர்க்கு உவகை தரும். 1850ஐ அடுத்து அவர் எழுதிய பெருநூல் அவர் வாழ்ந்த காலத்தில் முழுமையாக அச்சேறவில்லை. 1895இல் அவர் இறந்தார், 1901இல் நூல் வெளிவந்தது. முப்பரிமாணத்தில் ஒழுங்கான குவிவுத் திண்மங்கள் ஐந்தாக, நாற்பரிமாணத்தில் ஆறு உள என அவர் கண்டார். பின்னர் இங்கிலாந்தில் அலீசியா பூல் தொட்டு என்னும் அம்மையார், பல்கலைக்கழகக் கல்வி யாதுமின்றித் தாமாகவே அவ்வாறனையும் கண்டு, அவற்றின் வெட்டுமுகங்களை அட்டையிற் செய்தும் காட்டினார்.

நாற்பரிமாணத்தை மனக்கண்ணாற் காண இயலுமோ எனின், காண வேண்டியதில்லை, எண்ணினாற் போதும். நாற்பரிமாணச் சதுரமுகிக்கு 16 உச்சி, 32 விளிம்பு, 24 சதுரம், 8 சதுரமுகி. இங்கே பட்டைகள் எவை? எட்டுச் சதுரமுகிகளுமே. மாணவர் 'முகம்' என்ற ஒரு சொல்லை மட்டும் அறிந்திருந்தால், முகம் எத்தனை என்ற வினாவுக்கு 24 என்பாரும் 8 என்பாரும் 80 என்பாரும் ஒரே வகுப்பில் இருப்பர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையிற் சரியாகவே கூறியவராவர். தேர்வு மண்டபத்தில் இதற்குத் தீர்ப்புக் கூறுவார் யார்?

பட்டையைத் தனியே பெயரிட்டால் அடுத்த சொல்லும் தானே வந்து நிற்கும். இரு பட்டைகள் கூடும் இடத்துக்கு, அதாவது உடலினும் இரு பரிமாணம் குறைந்த முகத்துக்கு, மலைத்தொடரின் உச்சிவரையைக் குறிக்கும் சொல் ஒன்றை ஆங்கிலத்தார் வழங்குகின்றனர். நமக்கு 'முகடு' உண்டு. ஓலை வீடாயினும் ஓட்டு வீடாயினும் கூரையின் இரு சரிவுகள் கூடுமிடம் முகடு என்பதை அறியாத பிள்ளை இல்லை. முகடு ஒவ்வொன்றிலும் சரியாக இரண்டு பட்டைகளே கூடும். மூன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. இதனாற் கணக்குச் சரிபார்த்தல் எளிது. எட்டுச் சதுரமுகிகளுக்கும் ஆறாறாகச் சதுரம் 48; ஒவ்வொரு சதுரமும் இருமுறை எண்ணப்பட்டமையால் முகடு 24. சிலேவ்லி கண்ட ஆறனுள் ஒன்றுக்குப் பன்னிருமுகிகள் 120 பட்டைகளாக அமையும். ஒவ்வொன்றிலும் 12 ஐங்கோணி. 1,440இன் பாதி 720 முகடு. எட்டாம் வகுப்பு மாணவரும் செய்யத்தக்க கணக்கு இது. அதற்குத் தடையாயிருப்பது கணிதமன்று.

இவையெல்லாம் கற்பனை உலகுக்கு உரியன, நமக்கு என்ன பயன் என்று பழைய மாணவருள் வணிகத்துறை சார்ந்தோர் வினவக்கூடும். அவர்கள் தம் பெட்டகத்திலுள்ள காணி உறுதியை எடுத்துப் பார்ப்பாராக. ஒரு காணியை இருவகையாகக் குறிக்கலாம்: அதன் மூலைக்கற்கள் நிற்கும் இடங்களைக் கூறியும் குறிக்கலாம், கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை என எல்லைகளைக் கூறியும் குறிக்கலாம். நம் உறுதிகள் இரண்டாம் முறையையே கைக்கொள்கின்றன. குவிவுத் திண்மம் எதனையும் உச்சிகளைக் கூறியும் பட்டைகளைக் கூறியும் முழுவதாகக் குறிக்கலாம் என்பது மின்கோவ்சுகி, வைல் ஆகியோர் பெயரால் வழங்கும் தேற்றம். பட்டை என்பது எல்லை. வெறும் எல்லையன்று, இன்றியமையாத எல்லை. காணியைத் தொடாத அயலூர் வேலியொன்றை எவரேனும் உறுதியில் ஐந்தாம் எல்லையாக எழுதினால் அதனால் விளைவது யாதுமில்லை. உள்ள நான்கில் ஒன்றை நீக்கினாலோ காணி அயலார் வளவுக்குள் விரியும். நீக்கினால் உடல் விரியும் எல்லை எதுவோ அதுவே பட்டை. ஒரு மூலையை மட்டும் தொட்டுச் செல்லும் எல்லை அத்தகையதன்று. முகத்துக்கும் பட்டைக்கும் உள்ள வேற்றுமையின் உயிர்நிலை இதுவே எனலாம்.

எட்டு ஆசிரியரை எட்டு வகுப்புக்கு, வகுப்புக்கு ஒருவராக, நியமிக்கும் அதிபரின் பாட்டை நோக்குக. நியமிக்கும் வழிகள் 40,320. ஒவ்வொரு வழியையும் 0, 1 என்னும் எண்களால் எழுதி உச்சியாகக் கொண்டு, எல்லா உச்சிகளையும் போர்த்துத் திண்மம் ஒன்றை அமைத்தால், அது 49 பரிமாணமுடையதாகும். அதன் பட்டைகள் எத்தனை? 64 மட்டுமே. நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உச்சிகளை அறுபத்துநான்கு எல்லைகள் அடக்கி நிற்கின்றன. இதனால், எந்த ஆசிரியரை எந்த வகுப்புக்கு விட்டால் நன்மை மிகும் என்பதைக் கணிப்பது எளிதாகின்றது. (அதிபர்கள் இம்முறையை உண்மையிற் கைக்கொள்வதில்லை என்பது வேறு விடயம்.)

இனி, எட்டு ஊர்களுக்கும் ஒவ்வொரு முறை சென்று புறப்பட்ட ஊருக்கே மீளும் வணிகரின் பாட்டை நோக்குக. சுற்றுவழிகள் 2,520 மட்டுமே. ஆசிரியர் நியமனத்தினும் பதினாறில் ஒரு பங்கு. அவ்வழிகளை உச்சிகளாகக் கொண்ட திண்மத்தின் பட்டைகள் 194,187 எனக் கணினியின் துணைகொண்டு 1991இற் கண்டனர். ஒன்பது ஊராயின் பட்டைகள் 42,104,442. உச்சி குறையப் பட்டை பெருகும் இவ்விந்தையே, சுற்றுவழிக் கணக்கு ஏன் கடினமானது என்பதற்கு ஒரு குறி. 1954ஆம் ஆண்டில் தான்சிக், புல்கேசன், யோன்சன் ஆகிய மூவரும் அமெரிக்காவின் 49 நகரங்களைச் சுற்றும் மிகக் குறுகிய வழியைக் கண்டபோது, எல்லைகள் யாவற்றையும் எழுத முயன்றாரல்லர். தேவைப்பட்ட சிலவற்றை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்து அறுத்துச் சென்றனர். இன்று பொருள்களைப் பாரவூர்தியில் அனுப்புவோரும் விமானங்களுக்கு நேரம் வகுப்போரும் கையாளும் முறைகளுக்குள் அவ்வழி நின்று நிலவுகின்றது. நல்ல பட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பது இத்துறையில் ஓர் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு உரிய பணி என்றால் மாணவர் வியப்பர்.

ஆங்கில வழக்கும் குறையற்றதன்று. 1948இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலிற் கொக்செற்றர் பட்டையைக் கலம் என்று பொருள்படும் சொல்லாற் குறித்தார். பிறர் அச்சொல்லை முப்பரிமாண முகத்துக்கு மட்டும் உரியதாக்கினர். இன்னொரு மரபும் உண்டு. இருபதுமுகியின் ஓர் உச்சியைச் சூழ ஐந்து உச்சிகள் உள்ளன; அவ்வைந்தும் ஒரே தளத்தில் நின்று ஒழுங்கான ஐங்கோணியாகும். இந்த ஐங்கோணி திண்மத்தின் மேற்பரப்பில் இல்லை, உள்ளே கிடக்கின்றது. உச்சிகள் 12 ஆதலால் இத்தகைய ஐங்கோணிகளும் 12. புதிய உச்சி ஒன்றும் சேராமல், பழைய முகங்களைக் களைந்து, இவ்வைங்கோணிகளையே முகங்களாகக் கொண்டால், 1809இற் புவான்சோ விளக்கிய திண்மங்களுள் ஒன்று தோன்றும். உச்சி 12, முகம் 12, விளிம்பு 30; ஒயிலரின் தொடர்பு இதற்குப் பொருந்தாது. கல்லைக் குடைந்து வெட்டுவது போன்ற இச்செயலையும் பட்டை வெட்டுதல் என்றே அம்மரபினர் கூறுகின்றனர். உச்சிகளை இணைத்துத் திண்மத்தினுள்ளே காணத்தக்க பல்கோணி எதுவும் அவர்க்குப் 'பசெற்' ஆகும். ஒரே சொல்லை இருவேறு பொருளில் ஆள்வதால் ஆங்கிலம் பயில்வோரே இடர்ப்படுகின்றனர். நாம் அவ்விடர்ப்பாட்டையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. உள்ளே கிடப்பதை 'உட்பட்டை' என்று தனித்துக் கூறினால் வழக்குத் தீர்ந்தது.

எம் கருத்துக்கு மறுப்புக் கூறுவோர் சிலர். பட்டை என்றால் மரப்பட்டையும் ஆகும், துலாவிற் கட்டி நீர் இறைத்த ஓலைப்பட்டையும் ஆகும், திருநீற்றுப் பட்டையும் ஆகும். குழப்பம் விளையாதோ என்பர். விளையாது. 'முகம்' என்பதற்கும் 'தளம்' என்பதற்கும் பொருள் பலவே. கணித வகுப்பில் இருந்துகொண்டு மரத்தின் பட்டையை எண்ணிய மாணவரை நாம் கண்டதில்லை. நான்முகி, எண்முகி எனப் பாடநூலில் ஊன்றிய பெயர்களை என் செய்வது என்பர் வேறு சிலர். அவை அவ்வாறே இருக்கட்டும். முப்பரிமாண உலகில் முகம் என்றால் தட்டையான பக்கம் என்பது வழக்கு. ஆறுமுகமுடைய சதுரமுகியைக் கண்டு நல்லூர்க் கந்தனை நினைப்பவரை நாம் தடுக்கப் போவதில்லை. மேற்பரிமாணங்களைப் பேசத் தொடங்கும் வகுப்பில் மட்டும் முகத்தையும் பட்டையையும் பிரித்தாற் போதும்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழெழுத்தில் எழுதிவிடலாம் என்போர்க்குக் கூறுவது சிறிது கடுமையாகவே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மானிப்பாயிலிருந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய அமெரிக்க மருத்துவர் கிறீன், நரம்புக்கும் தசைக்கும் சொல் தேடத் தமிழ் நூல்களையும் தமிழ் மருத்துவர் வாய்மொழியையும் முதலில் நாடினார். இயலாவிடத்தே பிறமொழியை நாடினார். பிறநாட்டார் ஒருவர் மேற்கொண்ட உழைப்பை, சொல் கையிலே கிடக்கும் இடத்தில் நாம் மேற்கொள்ளாதிருப்பது நாணத்தக்கது. பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலத்தில்தானே, பள்ளியில் எதற்கு இந்த ஆரவாரம் என்பாரும் உளர். அதற்காகவே வேண்டும் என்கிறோம். தாய்மொழியில் இரு கருத்துகளை இரண்டாகப் பிரித்து அறிந்த மாணவர், ஆங்கிலத்தில் இரண்டு சொற்களைக் கண்டவுடன் இவை நம் பழைய நண்பர் எனத் தெரிந்துகொள்வார். ஒன்றாகக் கலந்து அறிந்தவரோ ஒவ்வொரு தேற்றத்திலும் தடுமாறி, குற்றம் தம் அறிவில் உள்ளது என எண்ணிக் கணிதத்தையே கைவிடுவார். அவ்வாறு கைவிட்டோர் சிலரை நாம் அறிவோம். அவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர்.

ஒரு சொல் மட்டும் எமக்கு இன்னும் அமையவில்லை. உடலினும் மூன்று பரிமாணம் குறைந்த முகத்துக்கு, முகடுகள் பல வந்து கூடும் இடத்துக்கு, ஆங்கிலத்தார் மலைச்சிகரத்தின் பெயரை இட்டுள்ளனர். முப்பரிமாணத்தில் அது வெறும் உச்சியாதலாற் சிகரம் என்பது பொருந்தும். நாற்பரிமாணத்திலோ அது ஒரு விளிம்பு. நீண்டு கிடக்கும் கோட்டைச் சிகரம் என்றழைக்க மனம் ஒவ்வவில்லை. 'கூடல்' என்பதைச் சில நாள் எண்ணிப் பார்த்தோம். அது ஊர்ப்பெயராகவே செவியில் ஒலிக்கின்றது. கட்டடம் கட்டும் பொறியியலாளர் பலர் நம் பழைய மாணவருள் இருக்கின்றனர். கூரையின் முகடுகள் மூன்றோ நான்கோ வந்து பொருந்தும் மூட்டுக்கு அவர்களின் தச்சர் வழங்கும் சொல் யாது என்பதைக் கல்லூரி முகவரிக்கு எழுதியனுப்பினால் அடுத்த ஆண்டு வகுப்பிற் பயன்படுத்துவோம்.